ஆறு அங்குல மழை

விஞ்ஞானக் குறும்படம் எதைப் போட்டாலும் என் கண் முதலில் போவது திரையின் கீழ் மூலைக்குத்தான். அங்கே ஒரு சின்னக் கோடும், அதன் தலையில் ஓர் எண்ணும், பக்கத்தில் நேரக் கணக்கும் இருந்தால் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வேன். இல்லாவிட்டால் படம் எவ்வளவு பளபளத்தாலும் மனம் ஒட்டாது. இத்தனை பெரிதாகத் தெரிவது உண்மையில் எவ்வளவு, இத்தனை வேகமாக ஓடுவது உண்மையில் எவ்வளவு நேரம் என்று சொல்லாதவரோடு எப்படிப் பேச்சைத் தொடர்வது?

இந்தக் கிறுக்கு எனக்கு எஃப். பெர்சி ஸ்மித்திடமிருந்து தொற்றியது. எங்கள் ரசிகர் கூட்டத்தில் ஸ்மித் கட்சி எப்போதும் சிறுபான்மைதான். ழான் பென்லவேயின் கடற்குதிரைப் படம் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஈம்ஸ் தம்பதியின் 'பவர்ஸ் ஒஃப் டென்' என்றால் எழுந்தே நிற்பார்கள். ஸ்மித் என்றால், "அந்தப் பூ மலரும் படமா?" என்பார்கள். அதே படம்தான்: 1910இல் வந்த 'தி பேர்த் ஒஃப் எ ஃபிளவர்'. இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் பூ மலர்வதைப் படமெடுத்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். எடுத்துப் பார்க்கட்டுமே.

லண்டனில் கல்விச் சபையில் எழுதுவினைஞராக இருந்தவர் ஸ்மித். ஈயின் நாக்கை அவர் எடுத்த நெருக்கப் படம் ஒன்று சார்ல்ஸ் அர்பன் என்ற தயாரிப்பாளரின் கண்ணில் பட்டது; அங்கிருந்து தொடங்கியது எல்லாம். மல்லாந்து கிடந்தபடி பந்தையும் தக்கையையும் கால்களால் சுழற்றும் ஈயைக் காட்டினார். கொடுமை என்று கூச்சல் எழுந்தபோது, ஈயை மெல்லிய பட்டு நூலால்தான் பிடித்திருந்தேன், முடிந்ததும் பறந்துவிட்டது என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. பிறகு சவுத்கேட்டில் இருந்த தன் வீட்டையே ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டார். மெக்கானோ விளையாட்டுச் சாமான், கிராமபோன் ஊசி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பூட்டிச் செய்த பொறிகள் இரவு பகலாகக் கமராவை இயக்கின. ஏதாவது ஒன்று பிசகினால் படுக்கைக்கு மேலே கட்டியிருந்த மணி அடித்து அவரை எழுப்பும். பூவுக்கு முன்னால் நாள்கணக்கில் காவல் கிடந்த மனிதர் அவர். அந்தக் காவல் படத்தில் தெரிகிறது. இன்று அழகுக்காக எடுக்கும் மலர்ப் படங்களில் இதழ் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு விரியும். கணினி இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. ஸ்மித்தின் படத்தில் கட்டத்துக்குக் கட்டம் ஒரு சின்னத் துள்ளல் இருக்கும். அவர் கண்ட அளவுக்கு மேல் ஒரு கட்டம்கூட அதில் சேர்க்கப்படவில்லை.

மலர்ப் படத்தைவிட எனக்கு உயிரானது 1930இல் வந்த 'தி ஸ்ட்ராங்ளர்'. அம்மையார் கூந்தலின் இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணிக் கொடியைப் பற்றியது. இலையில்லாத நூல் ஒன்று வெற்றுவெளியில் வட்டம் போடுகிறது. குருடர் கைத்தடியால் தடவுவது போல ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பக்கத்துச் செடியின் தண்டு தட்டுப்பட்டதும் சுற்றிய திசையிலேயே வளைத்துப் பிடித்துக்கொள்கிறது. கண்ணெதிரே கொலை நடக்கிறது. ஆனால் நிஜத்தில் அதன் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. அடுத்த ஆண்டு வந்த 'மேஜிக் மிக்ஸீஸ்' சளிப்பூஞ்சணத்தைப் பற்றியது. அதற்குள் சாறு முன்னே ஓடி, தயங்கி நின்று, பின்னே ஓடும் இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அக்காலத்துப் பேச்சுப் படங்களில் ஒட்டிய கிண்டல் வர்ணனை மட்டும் காதுக்கு ஆகாது. ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பதே உத்தமம். 2016இல் ஸ்டூவர்ட் ஸ்டேப்பிள்ஸ் இந்தப் படங்களைத் தொகுத்து, வர்ணனையை நீக்கித் தன் குழுவின் இசையோடு 'மினிட் பொடீஸ்' என்று வெளியிட்டார். வர்ணனை தொலைந்ததில் எனக்குச் சந்தோசம். இசை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டதில் அரைச் சந்தோசம்தான்.

ஸ்மித் பிறந்தது 1880. செடிகளின் அசைவைப் பற்றிய டார்வினின் புத்தகம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். டார்வினிடம் கமரா இல்லை. செடிக்கு முன்னே கண்ணாடித் தகடு வைத்து, நுனி இருக்கும் இடத்தை நேரத்துக்கு நேரம் புள்ளியாகக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். நம் பக்கத்தில் ஜகதீஷ் சந்திர போஸ் செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கி, புகை படிந்த கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழச் செய்தார். இந்த மூவரையும் நான் ஒரே கொடிவழியில்தான் வைப்பேன். போஸின் கண்ணாடித் தகட்டை விஞ்ஞானக் குறும்படத்தின் தாத்தா என்று சொன்னால் சினிமாக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

எதற்கு இவ்வளவு என்றால், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு பார்க்கையில் ஸ்மித்துக்குக் கிடைக்காத ஸ்டூடியோ இது என்று தோன்றுகிறது. நமுனுகுல மலைச் சரிவு முழுக்க, நின்ற இடத்தில் அசைந்துகொண்டிருக்கும் ஒரே செடி. ஒரு மலையில் கொழுந்தெடுத்து மறுபடி அதே மலைக்குக் கூடை திரும்பி வர ஏழு நாள் என்று வைப்போம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் எடுத்தால் 2016 கட்டங்கள். செக்கனுக்கு 24 என்று ஓட்டினால் 84 செக்கன். போன முறை கிள்ளாமல் விட்ட இளங்கொழுந்து இலை பிரிந்து, மட்டக்கம்பு வைக்கும் உயரத்தைத் தாண்டி எழும்பும் கதை ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். எது வளர்கிறது, எது வளராமல் வங்கியாகிப் போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பெரட்டுக் களத்தில் கிலோக் கணக்குக்காக நடக்கும் வாக்குவாதத்தில் பாதிக்கு இந்த 84 செக்கன் பதில் சொல்லும் என்று நினைக்கிறேன். காற்றில் செடி ஆடுமே, இரவில் இருட்டுமே, மூடுபனி வந்து வெளிச்சத்தை மாற்றுமே என்று கேட்கலாம். அதற்குத்தான் ஸ்மித்தைப் பார்க்கச் சொல்கிறேன். அவர் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்தார். தவறணையில் ஒரு பொலித்தீன் பைக் கன்றை வாங்கி வந்து லயத்துக் காம்பராவில் வைக்க எவ்வளவு செலவாகும்?

நம்மூர் பழைய கதையையும் சொல்ல வேண்டும். 1934இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்துக்குக் காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. ஆவணப்பட ரசிகர்கள் அதைக் கோயிலாகக் கும்பிடுகிறார்கள். ஒலிக்கோவை அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் தேயிலைச் சபையின் காசில் எடுத்த படத்தில் தேயிலைக்கு வாய்த்த இடம் கொஞ்சம். அந்தச் செடி எப்படி வளர்கிறது என்று ஒரு கட்டத்தில்கூட ஆவல் காட்டவில்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் இருந்தபோது 1954இல் எடுத்த 'கொன்குவெஸ்ட் இன் த ட்ரை ஸோன்' இந்த வகையில் எனக்குப் பிடித்தமானது. உலர் வலயத்தில் மலேரியாவை எதிர்த்து நடந்த போராட்டத்தைச் சொல்வது. வெனிஸ் விழாவரைக்கும் போய்ப் பாராட்டுப் பெற்றது. நுளம்பை அரக்கனாக்காமலே பயத்தை உண்டாக்கத் தெரிந்த கை அது.

இனி மாற்றுக் கட்சி. 2006இல் ஹார்வர்டுக்காகச் செய்யப்பட்ட 'தி இன்னர் லைஃப் ஒஃப் த செல்' பார்க்காத உயிரியல் மாணவர் இருக்க முடியாது. அதில் கைனசின் என்ற புரத மூலக்கூறு, பெரிய உருண்டையை முதுகில் இழுத்துக்கொண்டு, கயிறு மாதிரியான பாதையில் அடிமேல் அடி வைத்து நடக்கும். எல்லோரும் மயங்கிய இடம் அதுதான். எனக்கு ஒத்துவராததும் அதே இடம்தான். நிஜக் கைனசின் ஓர் அடிக்கு 8 நானோமீற்றர் போகும்; செக்கனுக்கு நூறு அடிகள் அளவுக்கு வைக்கும். அதுவும் நடைபாதை காலியாக இருக்காது; நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் மோதித் தள்ள, உதறிக்கொண்டும் தடுமாறிக்கொண்டும் போகும். படத்தில் அது மாலை உலா போகிறது. மெதுவாக்கிக் காட்டியது பிழையில்லை. ஸ்மித் வேகமாக்கினார், இவர்கள் மெதுவாக்கினார்கள். எத்தனை மடங்கு என்று ஓர் எண் போட்டிருக்கலாம் அல்லவா? படத்தைச் செய்தவர்களே பின்னால் கலத்தின் நெரிசலைக் காட்டும் இன்னொரு படம் செய்தார்கள் என்பதை அவர்களுக்கு வரவாக எழுதுகிறேன். அதை யார் பார்க்கிறார்கள்? மாணவர்களின் பேச்சில் இன்றும் அந்த உலாதான்.

'பவர்ஸ் ஒஃப் டென்' பக்கம் எனக்குச் சண்டையே இல்லை. 1977 படத்தில் பத்து செக்கனுக்கு ஒரு முறை தூரம் பத்து மடங்காகிறது, ஓரத்தில் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் மூலைக் கோட்டையே கதாநாயகனாக்கிய படம் அது. அதைப் பார்த்துச் செய்கிறவர்கள் எண்ணை மட்டும் விட்டுவிட்டுப் பயணத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் குறை. விண்மீனிலிருந்து புறப்பட்டுக் கண்மணிக்குள் நுழையும் படம் போட்டிக்குப் போட்டி ஒன்றாவது வருகிறது.

என் கொள்கையைக் குழப்பிவிடும் ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். ரெடிங் பல்கலைக்கழகத்து எட் ஹோக்கின்ஸ் 2018இல் போட்ட வெப்பக் கோடுகளில் எண் இல்லை, அச்சு இல்லை, எழுத்து இல்லை. ஆண்டுக்கு ஒரு கோடு, நீலத்திலிருந்து சிவப்புக்கு. அவருடைய முந்திய சுருள் வரைபடம் 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவிலேயே ஓடியது. அதில் எல்லா எண்ணும் இருந்தன, எனக்கு அதுதான் உசத்தி. ஆனால் கோடுகள்தான் சட்டையிலும் கழுத்துப்பட்டியிலும் ஏறி உலகம் சுற்றின. ஏன் என்று யோசித்தால், ஹோக்கின்ஸ் நிறத்தில் நாணயம் காத்தார் என்பது தெரிகிறது. இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று சீராக ஏறி இறங்கும் நிறவரிசை அது; கண்ணை ஏமாற்றாது.

நிறம் என்றதும் பொருமல் வந்துவிடுகிறது. போட்டிக்கு வரும் படங்களில் மழையோ வெப்பமோ காற்றோ, எதுவானாலும் வானவில்லை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். 'ஜெட்' என்ற அந்த நிறவரிசையில் மஞ்சளும் வெளிர்நீலமும் தேவையில்லாமல் பளிச்சிடும். தரவில் எல்லையே இல்லாத இடத்தில் எல்லை இருப்பதாகக் கண் நம்பிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர் மண்டபத்துக்கு ஓரிருவராவது இருப்பார். அவர் பாடு அதைவிட மோசம். மட்லாப் 2014இலும் மட்பிளொட்லிப் 2017இலும் இந்த வரிசையை முதல் தெரிவிலிருந்து தூக்கிவிட்டன. அதாவது மென்பொருளைத் திறந்து ஒன்றும் செய்யாமல் விட்டாலே நல்ல நிறம் வரும். நம் பிள்ளைகள் மெனக்கெட்டுத் தேடிப் போய் வானவில்லைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள், நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று. நடுவர்களுக்கும் பிடிக்கத்தான் செய்கிறது.

சில காலத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம், விஞ்ஞானக் காட்சிப்படுத்தலுக்கும் குறும்படத்துக்கும் சேர்த்து ஒரு விழா நடத்தியது. எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலையிலிருந்து உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி ஒருத்தி படம் அனுப்பினாள். நான் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அடியும் மேலும் ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் போத்தல், கழுத்து வெட்டப்பட்டது. போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்குமல்லவா? அந்த மேடு மூழ்கும்வரை முதலிலேயே தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து பூச்சியம் வரும்படி ஒரு பள்ளிக்கூட அடிமட்டத்தைப் பக்கத்தில் நாடாவால் ஒட்டியிருந்தாள். அதே பதினைந்து சென்றிமீற்றர் அடிமட்டம். 7.5இல் மஞ்சள் நாடா, 10இல் செம்மஞ்சள், 15இல் சிவப்பு. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், 100, 150. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைப் படிகள். சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். வானொலியில் எத்தனை தரம் கேட்டிருப்போம், 150 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர் என்று. அது பென்சில் பெட்டிக்குள் கிடக்கும் அடிமட்டத்தின் முழு நீளம் என்று எனக்கு அந்தப் படம்தான் காட்டியது.

கமரா அசையவே இல்லை. ஒரு டோர்ச் வெளிச்சம். இருபது செக்கனுக்கு ஒரு கட்டமாக ஓர் இரவு முழுக்க, பன்னிரண்டு மணித்தியாலம் தொண்ணூறு செக்கனுக்குள். மூலையில் மணி ஓடுகிறது. தண்ணீர் ஏறுகிறது; நின்றுபோகிறது; நெடுநேரம் ஒன்றுமில்லை; அதிகாலை இரண்டரைக்கு மேல் கிடுகிடுவென்று ஏறுகிறது. ஒலிக்கு, அந்த இரவில் லயத்துத் தகரத்தில் விழுந்த மழைச் சத்தமே. மஞ்சளைத் தாண்டி, செம்மஞ்சளுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றுவிடுகிறது. விடிகிறது. படம் முடிகிறது. கடைசி அட்டையில் இடம், திகதி, கட்டங்களின் இடைவெளி, போத்தலின் விட்டம். கொஸ்லந்தை மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை போயிருந்தது, 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து வந்தது. இதெல்லாம் படத்தில் இல்லை. பதுளை மாவட்டத்தில் அந்தப் படத்தைப் பார்க்கும் எவருக்கும் அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டரை மணிக்கு ஏற்றம் தொடங்கும்போது வயிற்றில் ஏதோ புரளும்.

தெரிவாகவில்லை. பின்னணி இசை இல்லை, உச்சக்கட்டம் இல்லை, தண்ணீர் சிவப்பைத் தொட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குறிப்பு வந்தது. சிவப்பைத் தொட்டிருந்தால் படமெடுத்தவள் படத்தை விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. முதற்பரிசு ட்ரோன் படத்துக்குப் போனது: ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரை வளையம், மூடுபனி, வயலின். ரயில் பாதை தன் நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து போகும் அந்த வளையத்தை, எத்தனை அடி ஏறுவதற்காக எத்தனை சுற்று என்று ஒரு கோட்டில்கூடக் காட்டாமல் படமெடுக்க உண்மையிலேயே தனித் திறமை வேண்டும்.

பரிசைப் பற்றியே நான் பேசுவதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய 'ஆர்ட் ஒஃப் சயன்ஸ்' போட்டியில் மூன்று பரிசுகளுக்குமான ஐந்நூறு டொலரைப் பொன் விகிதத்தில் பிரித்தார்கள்: 250 டொலர், 154 டொலர் 51 சதம், 95 டொலர் 49 சதம். தொகை சின்னது, ஆனால் போட்டியை நடத்துகிறவரும் விளையாட்டில் சேர்ந்துகொள்கிறார் என்று உடனே தெரிகிறது. நம் விழாக்களின் விண்ணப்பப் படிவத்தில் படத்தின் நீளம் கேட்கிறார்கள், இசைக்கு உரிமை உண்டா என்று கேட்கிறார்கள். தரவு எங்கிருந்து வந்தது, அளவு என்ன, எத்தனை மடங்கு வேகம் என்று கேட்கும் கட்டத்தை நான் இன்னும் காணவில்லை. அதைக் கேட்டாலே பாதிப் படங்கள் திருந்திவிடும். மீதிப் படங்கள் வராது.

இந்தியாவில் விக்யான் பிரசார் என்ற அரச அமைப்பு 2011 முதல் தேசிய விஞ்ஞானத் திரைப்பட விழா நடத்திவந்தது. 2023இல் அந்த அமைப்பையே இழுத்து மூடினார்கள். இங்கே பதுளையில், பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. கச்சான் காற்றில் கொழுந்து வாடி ஊவா மணம் ஏறும் ஆடி ஆவணியை உலகத் தேயிலை வியாபாரிகள் கொண்டாடுகிறார்கள். அந்தக் காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது எப்படிக் காய்கிறது என்று காட்டும் ஒரு நல்ல ஐந்து நிமிடப் படம் என் கண்ணில் பட்டதில்லை.

அந்தப் பிள்ளை இப்போது கொப்புள நோயில் இறங்கியிருக்கிறாள். 1946இல் இலங்கைக்கு வந்த பூஞ்சணம்; இளங்கொழுந்தில் மங்கலான புள்ளியாகத் தொடங்கி, மேலே குழிந்து கீழே உப்பி, வெள்ளைப் பொடி பூக்கும். ஸ்மித் பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டார். கைப்பேசிக்கு மேல் ஒட்டும் சின்ன வில்லை ஒன்று வாங்கியாகிவிட்டது. இலையை எப்படி அசையாமல் பிடிப்பது என்று கேட்டாள். ஈயைப் பிடித்த பட்டு நூலைச் சொன்னேன். கச்சான் காலத்து வறட்சியில் இந்த நோய் பிடிக்காது என்பதால், ஐப்பசி மழை தொடங்கியதும் படம் பிடிப்பதாக ஏற்பாடு. மூலையில் போடும் கோடு அரை மில்லிமீற்றரா ஒரு மில்லிமீற்றரா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் இழுபறி. ஒன்று போதும் என்கிறாள் அவள்.